14ஆவது ஆட்டத்தில் டிங் தோற்றது தொடக்கத்தில் அல்ல

அண்ணா, ஒரு திருத்தம். "டிங் லிரென் தப்பான ஓப்பனிங் ஆடியதால்தான் குகேஷ் 2024இல் உலக சாம்பியன் ஆனார், பிள்ளைகள் அதைத் தொடவே கூடாது" என்று எழுதியிருக்கிறீர்கள். இது சரியில்லை. அஸ்தம்பட்டியில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித்தருகிறேன். ஓப்பனிங் என்றால் ஆட்டத்தின் முதல் சில நகர்த்தல்கள், இதைப் படித்துவிட்டு இரண்டு பெற்றோர் கேட்டுவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் டிசம்பர் 12 அன்று நடந்த கடைசி, 14ஆவது ஆட்டத்தில், அப்போதைய சாம்பியன் டிங் வெள்ளையில் குதிரையை எஃப்3 கட்டத்தில் வைத்து, அடுத்து சிப்பாயை ஜி3-க்கு நகர்த்தினார். தலைகீழ் குரூன்ஃபெல்டு என்பார்கள், கருப்பு ஆடும் குரூன்ஃபெல்டு முறையை வெள்ளை ஆடுவது. நல்ல, உறுதியான ஓப்பனிங். அதிலிருந்து அவர் எந்தச் சிக்கலும் இல்லாமல்தான் வெளியே வந்தார்.

தவறு நடந்தது 55ஆவது நகர்த்தலில். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் டிரா ஆக வேண்டிய நிலை. டிங் யானையை (ரூக்) எஃப்2-க்குக் கொண்டுவந்தார். போன ஞாயிறு இதைப் பலகையில் அடுக்கினேன். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி ஏ8 மூலையில் நின்ற வெள்ளை பிஷப்பில் (மூலைவிட்டமாகப் போகும் காய்) விரலை வைத்து, "இது எங்க சார் போகும்?" என்றாள். அதேதான் விஷயம்! யானைகள் வெட்டுப்பட்டதும் கருப்பு பிஷப் டி5-க்கு வந்துவிடும். மூலையில் இருப்பதற்கு அந்த ஒரே மூலைவிட்டம்தான், தப்ப வழியில்லை. பிஷப்களும் போனால் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிச்சம், குகேஷுக்கு இரண்டு சிப்பாய், டிங்குக்கு ஒன்று, அது குகேஷுக்கு வெற்றி. 58ஆவது நகர்த்தலோடு முடிந்தது, மொத்தப் போட்டி குகேஷுக்கு 7.5–6.5.

பிள்ளைகளுக்கு இந்த ஓப்பனிங்கைத் தாராளமாகக் கொடுங்கள். அப்புறம் யானை, பிஷப் இறுதியாட்டத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள்.