வலது கால் செருப்பு

அப்பாவின் வலது கால் செருப்பு அடிக்கடி கழன்று விழ ஆரம்பித்தது. செருப்பு பின்னால் கிடக்கும், அவர் பாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பார். ஒரு நாள் தாராவி 90 அடி ரோட்டிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து நின்றார். அம்மாதான் போய்த் தேடி எடுத்து வந்தாள். வார் தளர்ந்துவிட்டது என்று நினைத்து நான் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். அதுவும் கழன்றது. வலது கால் செருப்பு மட்டும்.

அப்பாவுக்கு 74 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் இட்லிப் பாத்திரத்தைச் சுமந்துகொண்டு சயான், மாட்டுங்கா எல்லாம் சுற்றியவர். நாலு பேர் ஒரே நேரத்தில் காசு நீட்டினாலும் மீதிச் சில்லறையில் ஒரு ரூபாய் பிசகாது. அப்படிப்பட்டவர், டீக்கடையில் இருபது ரூபாய்க்கும் ஐந்நூறு ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியாமல் நோட்டைப் புரட்டிக்கொண்டு நின்றார். அப்புறம் பேச்சு குறைந்தது. பகலெல்லாம் தூக்கம். காலையில் எழுந்ததும் தலைவலி என்பார், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது என்பார்.

டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் சில கேள்விகள் கேட்டார். இந்த வயதில் வருவதுதான், மறதி நோயின் ஆரம்பம் என்றார். மாத்திரை எழுதினார். சொந்தக்காரர்களும் “வயசாயிடுச்சுல்லா” என்றார்கள். நானும் நம்பினேன். மூன்று வாரம் போனது. அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

ஒரு நாள் காலையில் டம்ளர் வலது கையிலிருந்து நழுவியது. வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே இருந்த இளம் டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வியே வேறு: “ரெண்டு மூணு மாசத்துல எங்கேயாவது தலையில அடிபட்டுச்சா?” இல்லை என்று அப்பா தலையாட்டினார். நானும் இல்லை என்றேன். அம்மாதான் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்: “ஏய்யா, ஏணியில மண்டைய இடிச்சாவல்லா, அதச் சொல்லு.”

எங்கள் வீட்டில் மாளாவுக்கு, அதாவது மேல் அறைக்கு, இரும்பு ஏணியில்தான் ஏற வேண்டும். மேலே ஒரு இரும்புச் சட்டம் தலைக்கு நேராக நிற்கும். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் அதில் இடித்துக்கொண்டார். ரத்தம் வரவில்லை, வீங்கக்கூட இல்லை. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு மறந்துபோனோம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ரத்தம் எளிதில் உறையாமல் இருக்கத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்பதையும் டாக்டரம்மா குறித்துக்கொண்டார்.

பிளைன் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். எக்ஸ்ரே கதிரால் தலைக்குள்ளே குறுக்குவெட்டாகப் படம் பிடிப்பது. ஊசி இல்லை, மருந்து இல்லை, சில நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே, இடது பக்கம், பிறை மாதிரி வளைந்து ஒரு கறுப்புப் பட்டை. மூளையின் நடுக்கோடு வலது பக்கமாகத் தள்ளப்பட்டிருந்தது. இடது மூளைதான் வலது பக்கத்தை ஆள்கிறது. செருப்பு ஏன் கழன்றது என்று அங்கே நின்றுகொண்டிருக்கும்போதுதான் புரிந்தது.

குரோனிக் சப்டியூரல் ஹெமட்டோமா என்று இதற்குப் பெயர். வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்குகிறது. அதற்கும் மேலே உள்ள உறைக்கும் நடுவே ஓடும் சின்ன ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கின்றன. லேசாக இடித்தாலே ஒன்று அறுந்துபோகலாம். ரத்தம் கசிந்து தேங்கி, வாரக்கணக்கில் பெருகி, மூளையை மெல்ல அழுத்தும். வெளியே பார்த்தால் மறதி, தள்ளாட்டம், சோர்வு. அச்சு அசல் முதுமை மாதிரியே இருக்கும்.

அந்தக் கறுப்பு நிறத்திலேயே ஒரு சேதி இருந்தது. சிடியில் அடர்த்தியைக் குறிக்க, தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000 என்று ஓர் அளவு உண்டு. எண் குறையக் குறையப் படம் கறுக்கும். சிடி கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரைத்தான் அந்த அலகுக்கு வைத்திருக்கிறார்கள். பாட்டு ரெக்கார்டு போட்ட இஎம்ஐ கம்பெனியில் இன்ஜினியராக இருந்தவர் அவர். அவர் செய்த கருவியில் லண்டனில் 1971 அக்டோபர் 1 அன்று முதல் நோயாளியின் மூளையைப் படம் எடுத்தார்கள். 1979-இல் இயற்பியலாளர் ஆலன் கார்மாக்கோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. புது ரத்தம் மூளையைவிட அடர்த்தி, படத்தில் வெள்ளையாகத் தெரியும். மூன்று வாரம் தாண்டினால் கறுத்துவிடும். அம்மா சொன்ன ஒன்றரை மாதக் கணக்கும் படமும் பொருந்தின.

இடைப்பட்ட நாட்களில் அந்த ரத்தம் மூளையின் சாம்பல் நிறத்திலேயே கரைந்து நிற்கும், ஸ்கேனிலும் எளிதில் கண்ணுக்குத் தட்டுப்படாது. நடுக்கோடு நகர்ந்திருக்கிறதா, மூளையின் மடிப்புகள் ஓட்டின் ஓரம் வரை போகின்றனவா என்று தேடித்தான் பிடிப்பார்களாம். ஆகவே வீட்டுக்காரர்கள் சொல்லும் கதையும் ஸ்கேன் மாதிரியே முக்கியம்.

பக்கவாதத்திலும் இதே கதைதான். கை கால் விழுந்துவிட்டால் அடைப்பா, ரத்தக்கசிவா என்று வெளியிலிருந்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அடைப்பு என்றால் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கசிவு இருக்கும்போது அதே ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் முதலில் சிடி. தயவுசெய்து வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு தலைவலிக்கும் ஸ்கேன் எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தலை சிடி ஒன்றில், இயற்கையாக ஒரு வருஷத்தில் நம் மேல் படும் அளவுக்கு ஏறத்தாழ கதிர்வீச்சு உண்டு. குழந்தைகளுக்கு ரொம்ப யோசித்துத்தான் எடுப்பார்கள். ஆனால் நேற்று வரை கணக்குப் பார்த்த மனிதர் சில வாரத்தில் மாறிப்போனால், ஒரு பக்கம் மட்டும் தளர்ந்தால், ‘வயசு’ என்று யாராவது முடிவு கட்டும் முன்னால் படம் எடுக்க வேண்டாமா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நான் கேட்கவில்லை.

மண்டையோட்டில் இரண்டு சின்னத் துளை போட்டார்கள். பழைய என்ஜின் ஆயில் நிறத்தில் வடிந்தது. மறுநாள் சாயங்காலம் அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு ஆச்சுல?” என்று கேட்டார். நான் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இப்போது ஏணிக்கு மேலே உள்ள சட்டத்தில் பழைய மெத்தைத் துண்டைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். பக்கத்து இரண்டு வீட்டுச் சட்டத்திலும் கட்டிக் கொடுத்துவிட்டேன்.