உச்சிக்குடும்பனுக்குக் குரல் கொடுத்தவர் யார்?

பாவைக்கூத்து அழிந்துபோய்விட்டது என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. போன வாரம் எங்கள் பள்ளிக்கூட நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் அப்படித்தான் எழுதினான். எழுதினதுதான் தாமதம், துபாயில் இருக்கிறவன், சென்னையில் இருக்கிறவன், குளச்சலில் கடை வைத்திருக்கிறவன் என்று ஆளாளுக்கு வந்து குவிந்துவிட்டார்கள். கூத்தில் வருகிற கோமாளிப் பாவை உச்சிக்குடும்பன் பேசுகிற மாதிரி ஒருவன் குரல் பதிவு அனுப்ப, இன்னொரு கோமாளி உளுவத்தலையன் குரலில் இன்னொருவன் பதில் அனுப்ப, ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் ஐம்பது வயதை நெருங்குகிற ஆட்கள் பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பாசம் உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கடைசியில் நான் ஒரு கேள்வி கேட்டேன். நமக்கு அந்தக் குரலில் பேசினவருடைய பேர் என்ன? ஒருத்தனுக்கும் தெரியவில்லை. "ராவ்" என்று மட்டும் ரெண்டுபேர் சொன்னார்கள். அது அந்தச் சமூகத்தில் எல்லோருக்கும் இருக்கிற பின்பெயர்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தோல்பாவைக்கூத்து என்றால் ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, உருவம் வரைந்து வெட்டி, நகையும் ஆடையும் மின்ன வேண்டிய இடத்திலெல்லாம் சின்னச் சின்னத் துளை போட்டு, சாயம் ஏற்றி, வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கை வைத்து ஆட்டுகிற நிழல் கூத்து. கருப்பு நிழல் அல்ல, வெளிச்சம் தோலுக்குள் புகுந்து வருவதால் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் திரையில் விழும். எங்கள் பக்கத்தில் பேச்சில் "பாவக்கூத்து" என்போம். ஆடுகிறவர்கள் மண்டிகர் என்ற சமூகத்தார், வீட்டில் பேசுவது மராத்தி. தஞ்சாவூரை மராட்டியர் ஆண்ட காலத்தில் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் என்று சொல்கிறார்கள். பாலக்காட்டுப் பக்கம் ஒரு தோல்பாவைக்கூத்து உண்டு, அங்கே பகவதி கோயிலில் கூத்துமாடம் கட்டி, கம்பராமாயணப் பாட்டைச் சொல்லி, தேவிக்காக ஆடுவார்கள். பார்க்க ஒரு ஆள்கூட இல்லாவிட்டாலும் ஆட்டம் நடக்கும். எங்கள் ஊர்க் கூத்து அப்படி இல்லை, ஆள் வேண்டும், அதிலும் பிள்ளைகள் வேண்டும்.

ராமாயணம் பத்து நாள் நடக்கும். மழை இல்லாத வருஷம் ஊர்க்காரர்களே போய் அழைத்து வருவதும் உண்டு, பட்டாபிஷேகம் முடிந்தால் மழை பெய்யும் என்று நம்பிக்கை. வயல் அறுப்பு முடிந்த இடத்திலோ கோயில் முற்றத்திலோ நாலு கம்பு நட்டு, ஓலை மறைத்து, முன்னால் வேட்டியைத் திரையாகக் கட்டினால் அரங்கம் தயார். பிள்ளையார் வருவார், சரஸ்வதி வருவாள், பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். எங்களுக்கு இருப்புக்கொள்ளாது. ராமன் எப்போது வருவான் என்று ஒரு பிள்ளையும் காத்திருந்ததில்லை. உச்சியில் குடுமி நட்டமாக நிற்கிற ஒரு ஒல்லி உருவமும், அவனுக்கு எதிரே மண்டை பெருத்த ஒரு தடியனும் திரையில் எப்போது வந்து குதிப்பார்கள் என்றுதான் காத்திருப்போம்.

சீதா கல்யாணத்து ராத்திரி ஒன்று எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. வில் ஒடிகிற சத்தம் கேட்டு மிருதங்கம் அடங்கினதும் இவர்கள் ரெண்டுபேரும் வந்தார்கள்.

"எலே உளுவா, ராமரு வில்ல ஒடிச்சிட்டாராம்லே."

"அய்யோ! யாருக்க வில்லுலே அது? தெண்டம் ஆரு கெட்டுவா?"

"சனக மகாராசாவுக்க வில்லு. தெண்டம் ஒண்ணும் இல்ல, பெண்ணுல்லா குடுக்காரு."

"அப்போ எனக்கும் ஒரு வில்லு எடுத்துக்கிட்டு வாலே!"

அவ்வளவுதான். முன்வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருந்த நாங்கள் உருண்டு சிரித்தோம். அதற்குப் பிறகு கல்யாணச் சாப்பாட்டுக்கு எத்தனை கூட்டு, அவியல் உண்டா, பாயாசம் சக்கையா (பலாப்பழமா) பயறா என்று ரெண்டுபேருக்கும் சண்டை வந்து, அந்தச் சண்டையில் எங்கள் ஊர் டீக்கடைக்காரர் பேர் வந்து, பஞ்சாயத்து ரோட்டுக் குழி வந்து, ராத்திரி வராத கடைசி பஸ் வந்து, அப்புறம்தான் கதை மறுபடி அயோத்திக்குப் போனது.

நான் சொல்லவருவது இதுதான். வால்மீகியிலும் இவர்கள் இல்லை, கம்பனிலும் இல்லை. இவர்கள் வாயில் வருகிற பேச்சு எந்த ஏட்டிலும் எழுதிவைத்ததில்லை. பகல் முழுக்க, திரைக்குப் பின்னால் பாவை ஆட்டுகிற அந்த மனிதர் எங்கள் ஊரில் நடந்திருக்கிறார், டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார், யாருக்கு யாரோடு வழக்கு, எந்தக் குளத்தில் தண்ணீர் இல்லை என்று கேட்டுவைத்திருக்கிறார். ராத்திரி அதை எங்கள் பேச்சிலேயே, எங்கள் இழுப்பிலேயே எங்களுக்குத் திருப்பிச் சொன்னார். வீட்டில் மராத்தி பேசுகிற ஒருவர் நாஞ்சில்நாட்டுப் பேச்சை எங்களைவிட நன்றாகப் பேசினார் என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் உறைத்தது. ராமனும் ராவணனும் கதைக்குச் சொந்தம். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அந்தப் பாவையாட்டிக்குச் சொந்தம், இன்னும் சொன்னால் அவரே அவர்கள்தான்.

பெரியவன் ஆனபிறகு ஒருமுறை அனுமதி கேட்டுத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்தால்தான் தெரியும். ஓலைப் பந்தலுக்குள் காற்றே கிடையாது. முகத்துக்கு நேரே விளக்கு. முந்தின தலைமுறை எண்ணெய் விளக்கில் ஆடியிருக்கிறது, அதன்பின் பெட்ரோமாக்ஸ் வந்தது, இப்போது பல்பு. எதுவானாலும் சூடு அவருக்குத்தான், வெளிச்சத்துக்கு வருகிற பூச்சி எல்லாம் அவர் கழுத்தில்தான். ரெண்டு கையிலும் பாவை இருப்பதால் வசனத்தாள் பிடிக்கக் கை கிடையாது, மூணு மணி நேரக் கதையும் மனப்பாடம். சீதையின் அழுகை, ராவணனின் கர்ஜனை, உளுவனின் கட்டைக்குரல், உச்சிக்குடும்பனின் கீச்சுக்குரல் எல்லாம் ஒரே தொண்டை. உளுவனும் உச்சிக்குடும்பனும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பேசவிடாமல் சண்டை போடுவார்களே, அதுவும் ஒரே தொண்டைதான்! பக்கத்தில் அவர் மனைவி ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே பாட்டில் சேர்கிறார், அடுத்த காட்சிக்கு வேண்டிய பாவையை எடுத்து நீட்டுகிறார், இடையில் மடியில் தூங்குகிற பேரப்பிள்ளையை நகர்த்திப் படுக்கவைக்கிறார். பாவையைத் திரையோடு ஒட்டவைத்தால் கோடு கோடாகத் தெளிவாக விழும், விளக்குப் பக்கம் இழுத்தால் பூதம்போலப் பெருத்துக் கலங்கும். அரக்கர் வருகிற இடத்தில் அவர் மணிக்கட்டை ஒரு அசைவு அசைத்ததும் வெளியே பிள்ளைகள் வீறிட்ட சத்தம் கேட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். சபையை அவரால் பார்க்க முடியாது, சத்தத்தை வைத்துத்தான் கணக்கு. சிரிப்பு குறைந்தால் உடனே உளுவனை இறக்குகிறார், பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டால் பாட்டை இன்னும் ரெண்டு அடி நீட்டுகிறார்.

நல்லதங்காள் கதை பற்றியும் சொல்ல வேண்டும். ஏழு பிள்ளைகளையும் தாய் கிணற்றில் தள்ளுகிற கதை, பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாமா என்று இப்போது ஒரு கூட்டம் கேட்கும். எங்களுக்குக் காட்டினார்கள். அழுதோம். அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதோம், அழுது முடிக்கும்போது உச்சிக்குடும்பன் வந்து எங்களை மெதுவாக மேலே தூக்கினான். பிள்ளைகளிடம் சாவைப் பற்றிப் பொய் சொல்லாத கலை அது.

இதை எழுதும்போது எனக்கு அமெரிக்காவின் செசமி ஸ்ட்ரீட் ஞாபகம் வருகிறது, என் பையன் சின்ன வயதில் யூடியூபில் பார்த்ததால் நானும் கூட உட்கார்ந்து பார்த்ததுதான். 1969-ல் தொடங்கிய பொம்மை நிகழ்ச்சி. அதில் மளிகைக்கடை ஹூப்பராக நடித்தவர் 1982-ல் இறந்துபோனார். வேறு ஆளைப் போட்டோ, ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லியோ சமாளிக்காமல், 1983-ல் அவர் செத்துப்போனார், இனி வரமாட்டார் என்று பிக் பேர்ட் என்ற அந்த மஞ்சள் பறவைக்குப் பெரியவர்கள் சொல்கிற மாதிரி ஒரு பகுதி எடுத்தார்கள். பார்த்தபோது எனக்கு நல்லதங்காள் ராத்திரிதான் ஞாபகம் வந்தது. எட்டடிக்கும் மேல் உயரமான அந்தப் பறவைக்குள் நின்றவர் கேரல் ஸ்பின்னி. வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பறவையின் வாயை அசைப்பார், உள்ளிருந்து வெளியே நேராகப் பார்க்க முடியாது, மார்பில் கட்டிய குட்டி டிவியில் பார்த்துக்கொண்டே நடிப்பார். அதே நிகழ்ச்சியில் குப்பைத் தொட்டிக்குள் வாழ்கிற சிடுமூஞ்சி ஆஸ்கரும் அவர்தான். 1969-லிருந்து 2018 வரை அந்த வேலை. 2019 டிசம்பரில், 85 வயதில் அவர் இறந்தபோது உலகம் முழுக்கச் செய்தி வந்தது, வளர்ந்த மனிதர்கள் தங்கள் குழந்தைப் பருவத்தைச் சொல்லி அவர் பேரைச் சொல்லி அழுது எழுதினார்கள்.

நம்மிடமும் அதே அளவு பாசம் இருக்கிறது, ஆனால் பேர் இல்லை. அவர்கள் பொம்மையையும் நேசித்தார்கள், உள்ளே கை தூக்கி நின்றவரையும் தெரிந்துவைத்திருந்தார்கள். நாம் உளுவனை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். விடிந்ததும் அதே மனிதர் பாவைப் பெட்டியோடு பஸ் நிறுத்தத்தில் நிற்பார், ராத்திரி முழுக்கச் சிரித்த ஊர் அவரைக் கடந்து போகும், யார் என்றுகூடத் தெரியாது. ஆய்வாளர்கள் தங்கள் கடமையைச் செய்திருக்கிறார்கள். நாகர்கோவில்காரரான அ.கா. பெருமாள் பல வருஷம் இந்தக் கலைஞர்களோடு பழகி, கூத்தையும் அவர்கள் வாழ்க்கையையும் பதிவுசெய்து நூல்கள் எழுதியிருக்கிறார். அவருக்குப் பேர் தெரியும், ஊர் தெரியும், யார் மகன் யார் என்பது வரை தெரியும். ரசிகர்களான நமக்குத்தான் தெரியாது.

கலையைக் காப்பாற்றுகிறோம் என்று செய்கிற சில காரியங்களும் எனக்கு ஒப்பவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். ஒரு பாவைக்கூத்துக் குழுவை அழைத்திருந்தார்கள், நல்ல விஷயம்தானே என்று சந்தோஷமாகப் போனேன். மத்தியானம் பதினொன்றரை மணிக்கு, ஜன்னலெல்லாம் திறந்த ஹாலில், இருபது நிமிஷம் கொடுத்தார்கள். நிழல் கூத்துக்கு இருட்டு வேண்டும் என்பதுகூட யாருக்கும் தோன்றவில்லை. பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றி ஒரு தாளை எழுதிக்கொடுத்து, இதை உச்சிக்குடும்பன் சொல்ல வேண்டும் என்றார்கள். அவரும் சொன்னார், பிழைப்பு. ஆனால் உச்சிக்குடும்பன் புத்திமதி சொல்லுகிற ஆளா? அவன் தப்பாகப் புரிந்துகொள்வான், தின்பதற்கு அலைவான், ராஜாவையே கேலி பேசுவான், அடி வாங்குவான், அதனால்தானே பிள்ளைகளுக்கு அவன்மேல் அவ்வளவு பிரியம். அவன் வாயைக் கட்டிப்போட்டு நோட்டீஸ் வாசிக்கவைத்தால் அது பாவைக்கூத்தே இல்லை. விழிப்புணர்வு வேண்டுமென்றால் விஷயத்தை மட்டும் பாவையாட்டியிடம் சொல்லிவிட்டு ராத்திரி மூணு மணி நேரம் கொடுங்கள், அவர் அதை உளுவன் வழியாக உங்களைவிட நன்றாகச் சொல்வார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் உட்காராது, செல்போன் இருக்கிறது என்பார்கள். நான் நம்பவில்லை. தோவாளைப் பக்கம் சொந்தக்காரர் குடும்பக் கோயில் கொடையில், அதாவது திருவிழாவில், கூத்து வைத்திருந்தார்கள். முதல் பத்து நிமிஷம் பிள்ளைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. உளுவத்தலையன் அங்கே இருந்த ஒரு பையன் பேரைச் சொல்லி, "எலே, உனக்க டவுசரு எங்கலே?" என்று கேட்டான். ஒரே கணத்தில் அத்தனை பிள்ளையும் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டன. அந்தப் பையன் எழுந்து நின்று திரையைப் பார்த்துப் பதில் சொன்னான், உளுவன் திருப்பிக் கேட்டான், ரெண்டுபேரும் பேசிக்கொண்டே போனார்கள். எந்த போன் அந்தப் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடும்?

பணம் இல்லை என்பதையும் நான் ஏற்கமாட்டேன். கொடைக்கு ஊர் முழுக்கச் சீரியல் செட் போடுகிறோம், இன்னிசைக் கச்சேரிக்கு அள்ளிக் கொடுக்கிறோம், வாணவேடிக்கைக்கு வரி பிரிக்கிறோம். எல்லாம் இருக்கட்டும், சந்தோஷம்தான். வில்லுப்பாட்டுக்கு ஒதுக்குகிற மாதிரி கூத்துக்கும் ஒரு ராத்திரி ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். ஆடுகிற குடும்பங்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன, நாம் அழைக்காததால்தான் அவர்கள் வேறு வேலைக்குப் போகிறார்கள். அழிந்துவிட்டது என்று எழுதுவதைவிடக் கொடைக் கமிட்டியில் ஒருமுறை எழுந்து பேசுவது மேல்.

எங்கள் ஊர்க் கமிட்டியில் நான் பேசிவிட்டேன். வருகிற கொடையில் ரெண்டாம் நாள் ராத்திரி கூத்து. அட்வான்ஸ் முன்கூட்டியே கொடுப்பது என்றும், நோட்டீசில் "தோல்பாவைக்கூத்து" என்று மொட்டையாகப் போடாமல் ஆடுகிறவர், பாடுகிறவர், மிருதங்கம் வாசிக்கிறவர் எல்லோருடைய பேரையும் போடுவது என்றும் பேசி முடித்திருக்கிறோம். ஆட்டம் முடிந்ததும் பாவையாட்டியையும் அவர் மனைவியையும் திரைக்கு முன்னால் அழைத்து, மைக்கில் பேர் சொல்லி, பொன்னாடை போர்த்துவோம். பிள்ளைகள் பாவையைப் பக்கத்தில் வந்து பார்க்க விடுவாரா என்று கேட்டேன், தாராளமாக, ஆனால் கை கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள் என்றார். நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் கொடைக் கமிட்டியில் இருக்கிற நண்பர்கள், உங்கள் ஊருக்கும் அழைக்க நினைத்தால் இன்பாக்ஸில் வாருங்கள், அவரிடம் கேட்டுக்கொண்டு நம்பர் தருகிறேன். இருட்டான இடம் பார்த்து வையுங்கள், பக்கத்தில் டியூப்லைட் இருந்தால் அன்றைக்கு மட்டும் அணைத்துவிடுங்கள்.