கான்டெஸாவை ஓட்டக் கூடாதாம், கும்பிட்டுட்டு நிக்கணுமாம்!

பழைய கான்டெஸா கார் வெச்சிருக்கேன்னு சொன்னா போதும், "ஷோவுக்கா சார்?"னு கேட்கிறாங்க. இல்லைய்யா. ஆபீஸ் போக. காய்கறி வாங்க. மழை பெய்தா பையனை ஸ்கூல்ல விட. தினமும் ஓட்டத்தான் அதை எடுத்தேன். இதைச் சொன்னதும் எதிர்ல நிக்கிறவர் முகத்துல ஒரு பரிதாபம் வரும் பாருங்க, அங்கேதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. என்னமோ கோயில் தேரைக் கிளப்பிக்கிட்டுப் போய்க் கோயம்பேட்டுல தக்காளி லோடு ஏத்துற மாதிரி பார்க்கிறாங்க.

இந்த 'இந்தியாவின் மசில் கார்' பில்டப்பை எவன் கிளப்பிவிட்டானோ தெரியலை. மசில் கார்னா பெரிய இஞ்சினோட சீறிப் பாயணும். 1984-ல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதைக் கொண்டுவந்தப்ப உள்ளே இருந்தது அம்பாசடரோட அதே 1489 சிசி இஞ்சின். உடம்பு இங்கிலாந்து வாக்ஸால் விக்டரோடது. பின்னாடி இசுஸுவோட 1817 சிசி இஞ்சினும் அஞ்சு கியரும் வந்த பிறகுதான் வண்டிக்கு உசுரே வந்துச்சு. அமெரிக்காக்காரன் 1964-லேயே பான்டியாக் ஜிடிஓல 6.4 லிட்டர் வி8 வெச்சு விட்டான். நம்மகிட்ட அதுல மூணுல ஒரு பங்குகூட இல்லை. அதனால என்ன? நான் யாரோடயும் ரேஸுக்குப் போகலை. நீள பானெட்டும், கால் நீட்டி உட்கார ஒரு பின்சீட்டும் இருக்கு, எனக்கு அது போதும். ஆனா ரீல்ஸ் போடுற தம்பிகளால, வருஷக்கணக்கா வேப்பமரத்தடியில எலி குடும்பம் நடத்தின வண்டிக்கெல்லாம் இன்னைக்குப் பொக்கிஷம் ரேட்டு.

வயித்தெரிச்சல்ல பெரிய எரிச்சல் டிங்கர் வேலை. கதவோட அடிப்பக்கம், ஃப்ளோர், வீல் ஆர்ச்னு துரு தின்ன இடத்தை வெட்டி எடுத்துட்டு, புதுத் தகடு வெச்சு வெல்டு அடிக்கணும். அதுதான் வேலை. எவன் செய்றான்? துரு மேலேயே பட்டியை (பள்ளம் மறைக்கிற பசையை) அப்புறது, தேய்க்கிறது, மேல பெயின்ட்டு, அதுக்கு மேல ஒரு பாலிஷு. டெலிவரி அன்னைக்கு முகம் பார்த்துத் தலை சீவலாம். ஒரு மழைக்காலம் போகட்டும், பெயின்ட்டு அம்மை போட்ட மாதிரி கொப்புளிக்கும். போய்க் கேட்டா டிங்கர் என்ன சொன்னார் தெரியுமா? "இந்த மாதிரி வண்டியை மழையில ஏன் சார் எடுக்கிறீங்க?" யோவ், கார்யா அது! 'ஃபுல்லி ரெஸ்டோர்டு'னு விற்பனைக்கு வர்றதுல பாதி இந்தப் பட்டி வண்டிதான். பார்க்கப் போறவங்க பாக்கெட்ல ஒரு காந்தம் எடுத்துட்டுப் போங்க. கதவுக்குக் கீழே ஒட்டலைன்னா உள்ளே தகடு இல்லை, பட்டிதான்; அட்வான்ஸ் கொடுக்காம வந்துடுங்க.

நான் பெயின்ட்டைக் கடைசிக்குத் தள்ளிட்டு பிரேக், ரேடியேட்டர், வயரிங் மூணையும்தான் முதல்ல பார்த்தேன். சென்னை சிக்னல்ல மே மாசம் நிக்கிற வண்டிக்கு அதுதானே முக்கியம்? அதுக்கும் சிரிச்சாங்க. "அலாய் வீல் போடலையா சார்?"

மெக்கானிக்குகளுக்கு ஒரே மந்திரம்தான்: "இஞ்சினை மாத்திடலாம் சார், டீசல் போட்டுக்கலாம்." ஆர்.சி.யில இருக்கிற இஞ்சின் நம்பரை யார் மாத்துவாங்க, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி அனுமதி யார் வாங்குவாங்கன்னு கேட்டா பேச்சே இல்லை. இத்தனைக்கும் இதே இசுஸு இஞ்சின் அம்பாசடர்லயும் வந்திருக்கு, தேடினா சாமான் கிடைக்கும். இவங்களுக்குத்தான் பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்புரேட்டரைக் கழட்டப் பொறுமை கிடையாது. பழுது கண்டுபிடிக்கிற ஸ்கேனர் சொருக ஓட்டை இல்லாத வண்டின்னா கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க.

இஞ்சினாவது பரவாயில்லை. ரப்பரும் கண்ணாடியும்தான் ஆளைக் கொல்லுது. 2002-ல தயாரிப்பை நிறுத்திட்டாங்க. 2022-ல கான்டெஸாங்கிற பேரை மட்டும் வேற கம்பெனிக்கு வித்தாங்க. பேருக்கு விலை இருக்கு, கதவு ஓரத்து ரப்பர் பீடிங்குக்கு நாதி இல்லை. புதுப்பேட்டையில ஒரு கடையில டெயில் லாம்ப் விலை கேட்டேன். எந்த வண்டின்னு கேட்கிற வரைக்கும் அது தூசி படிஞ்ச பழைய சாமான். கான்டெஸான்னு சொன்னேன், துணியால துடைச்சு மேசை மேல வெச்சார். "இது இனிமே வராது பாய்." வராதுதான், அதுக்காக என் ஒரு மாசச் சம்பளமா?

சரி, எல்லாம் தேத்திக் கொண்டுவந்தா, பெட்ரோல்ல கை வெச்சுட்டாங்க. 2030-ல முடிக்கிறதா இருந்த ஈ20 திட்டத்தை, அதாவது பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலக்கிறதை, 2025-க்கே இழுத்துட்டாங்க. எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை ஊற வெச்சு உப்ப வைக்கும். காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து டேங்க்ல தண்ணி சேர்க்கும். புது வண்டியில சென்சார் பார்த்துக் கலவையைச் சரி பண்ணிடும், கார்புரேட்டருக்கு ஏது மூளை? ஜெட்டை மாத்தணும், டயாஃப்ரம், ஃப்யூயல் ஹோஸ் எல்லாத்தையும் மாத்தணும். காலையில ஸ்டார்ட் பண்ணினா இருமிக்கிட்டே கிளம்புது. பங்க்ல "எத்தனால் இல்லாதது இருக்கா தம்பி?"ன்னு கேட்டா, எவனோ பைத்தியம்னு நினைச்சு அடுத்த வண்டிக்குப் போயிடறான்.

அரசாங்கத்துக்கும் இவன் ஓட்டக் கூடாதுங்கிற எண்ணம்தான் போல. பதினஞ்சு வருஷம் தாண்டினா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கணும். செய்றோம். காருக்கு 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022-ல 5000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல, இருபது வயசு தாண்டின காருக்கு 10000. பசுமை வரி தனி. இன்ஷூரன்ஸ்காரங்க தேர்டு பார்ட்டிக்கு மேல பேசவே மாட்டேங்கிறாங்க.

"வின்டேஜா பதிவு பண்ணிடுங்களேன்"னு ஒரு மேதை அறிவுரை சொன்னார். அய்யா, 2021 விதியைப் படிச்சீங்களா? வண்டிக்கு அம்பது வயசு தாண்டியிருக்கணும். முதல்ல வந்த கான்டெஸாவுக்கே அது 2034-லதான். அப்படியே பதிவு பண்ணினாலும் கட்டணம் 20000 ரூபாய், அதுக்கப்புறம் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்கன்னு போகலாமே தவிர தினசரி ஓட்டக் கூடாது! அதாவது காசும் கட்டிட்டு, காரை ஷெட்ல வெச்சுக் கற்பூரம் காட்டணும்.

புகை டெஸ்ட் எடுங்க, பிரேக் டெஸ்ட் எடுங்க, தேறலைன்னா நிறுத்துங்க, ஒத்துக்கிறேன். வயசைப் பார்த்து மட்டும் ஏன் அடிக்கிறீங்க? போன வருஷம் வாங்கின வண்டி எத்தனை கரும்புகை கக்கிட்டு என் முன்னாடி போகுது!

இப்ப அவசரத் தேவை, முன் கண்ணாடி ரப்பர். பழசு வெடிச்சு, மழை பெய்தா டேஷ்போர்டுக்குள்ள தண்ணி இறங்குது. கோயம்புத்தூர்லயோ ஈரோட்டுலயோ அளவு கொடுத்தா அச்சு போட்டுத் தர்றவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, ரயில் ஏறி வர்றேன். "பிரதர், வண்டி கொடுக்கிற ஐடியா இருக்கா?"ன்னு மட்டும் தயவுசெஞ்சு யாரும் வராதீங்க.