தலைப்பு ஏறாத வானம்

அம்மாபேட்டையில் மாமா வீட்டுப் பரணிலிருந்து போன வாரம் ஓர் ஓவியத்தை இறக்கினேன். தடித்த அட்டையில் போஸ்டர் கலர். குதிரையைப் பிடித்தபடி ஒருவன் பாறை விளிம்பில் நிற்கிறான், கீழே பள்ளத்தாக்கு. படத்தின் மேல் கால் பாகம் வெறும் வானம், ஒரு பறவைகூடக் கிடையாது. காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்குக் காரணம் புரிந்திருக்கும். புத்தகத்தின் பெயர் உட்கார வேண்டிய இடம் அது. பெயர் கடைசிவரை வரவில்லை.

மாமா கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதியவர். அந்தப் பாறைக்காக ஏற்காடு பஸ் ஏறிப் போய், பகோடா பாயிண்டில் அரை நாள் உட்கார்ந்து பென்சிலில் வரைந்து வந்தார். பாறை இடுக்குகளில் கறுப்பு வைக்காமல் ஊதா வைத்திருக்கிறார். மலையில் மாலை வெயில் சாயும்போது நிழல் அந்த நிறத்தில்தான் விழும். கண்ணால் பார்த்தவர் கை அது.

ஒரு காமிக்ஸ் கதையின் அட்டைக்காக இந்தப் படத்தைக் கேட்டு வாங்கிய பதிப்பகம் அந்தக் கதையையே கைவிட்டு, வேறு கதையை வெளியிட்டது. கூலி கேட்டதற்கு, "அச்சானால்தானே காசு" என்றார்கள். படத்தையாவது கொடுங்கள் என்று நேரில் போய் வாங்கி வந்தார்.

"சுமாராக இருந்திருக்கும், அதனால் போடவில்லை" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. 1962இல் ஸ்பைடர்மேன் முதன்முதலாக வந்த இதழுக்கு ஸ்டீவ் டிட்கோ ஓர் அட்டைப்படம் வரைந்தார். அந்த நாயகனுக்கு உடையும் உருவமும் கொடுத்தவரே அவர்தான். அதை ஒதுக்கிவிட்டு ஜாக் கிர்பி என்ற இன்னோர் ஓவியரின் படத்தைப் போட்டார்கள். கிர்பியின் பென்சில் கோடுகள் மேல் மை தீட்டியவரும் டிட்கோதான்! தன் படத்தின் இடத்தைப் பிடித்த படத்துக்குத் தானே மை தீட்டிய அந்த மனிதரை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. டிட்கோவுக்கு வரையத் தெரியாது என்று யாராவது சொல்வார்களா?

அட்டைப்படம் பெரும்பாலும் கதைக்கு முன்பே தயாராகிவிடும். விளம்பரத்துக்கு அதுதானே வேண்டும். பிறகு கதை மாறும், இதழ் தள்ளிப்போகும், மொழிபெயர்ப்பு என்றால் வெளிநாட்டு உரிமையாளரின் ஒப்புதல் வராமல் போகும். சில சமயம் தொடரே நின்றுவிடும். 1978இல் அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் நிறுவனம் ஒரே வீச்சில் பல இதழ்களை நிறுத்தியது. முடிந்த பக்கங்களும் அட்டைப்படங்களும் அப்படியே தேங்கின. அலுவலகத்தில் இருந்தவர்கள் அவற்றை ஒளிநகல் எடுத்து இரண்டு தொகுதிகளாகக் கட்டினார்கள். மொத்தமே 35 பிரதிகள்தான், ஆனாலும் அந்த வேலை அழியவில்லை. நம் ஊரில் அந்த ஒளிநகலாவது எடுக்கிறோமா?

படத்தைத் திருப்பி வாங்குவதும் எளிதல்ல. கிர்பி போன்ற மேதைக்கே பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 1987இல், மார்வெல் நிறுவனத்துக்கு அவர் வரைந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் ஏறக்குறைய இரண்டாயிரம்தான் கைக்கு வந்தன. பெயர்ப் பலகை எழுதுகிறவர் எம்மாத்திரம்!

எந்தக் கதையைப் போடுவது என்பது பதிப்பாளரின் உரிமை. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தச்சரிடம் கதவு செய்யச் சொல்லிவிட்டு, வீடு கட்டவில்லை, அதனால் கூலி இல்லை என்று சொல்ல முடியுமா? வரைந்து கொடுத்த அன்றே கூலி கொடுங்கள். வேண்டாம் என்றால் படத்தை ஓவியர் கையில் திருப்பிக் கொடுங்கள். பிறகு அந்தக் கதை என்றைக்காவது வெளிவந்தால், கடைசிப் பக்கத்தில் சிறிதாகவாவது அந்தப் படத்தை அவர் பெயரோடு போடுங்கள். இப்போது மறுபதிப்புகள் எவ்வளவோ வருகின்றன. ஒரு பக்கம் ஒதுக்க முடியாதா?

நேற்று படத்தைச் சட்டம் போடக் கொடுத்தேன். கடைக்காரர் அளவெடுத்துவிட்டு, "மேலே சும்மாதானே இருக்கிறது, நாலு அங்குலம் வெட்டிவிடட்டுமா சார்?" என்று கேட்டார். வேண்டாம் அண்ணே, வானம் முழுதாக இருக்கட்டும் என்றேன்.