பஸ் வாடகைக்குப் பயந்து பிள்ளைங்கள வகுப்புலயே உட்கார வைக்கலாமா?

ஆரம்பப்பள்ளியில சுற்றுலா குறைஞ்சிக்கிட்டே போகுதுன்னு எழுதியிருக்கீங்க, ரொம்ப சரி. இங்க மலேசியாவுல, பினாங்குல என் மக தமிழ்ப்பள்ளியில நாலாம் ஆண்டு படிக்கிறா, பள்ளியோட இன்னும் எங்கயுமே போனதில்ல. டீச்சருங்கள குறை சொல்ல மனசு வரல, கல்வி இலாகாவுக்கு கடிதம், பெற்றோர் கையெழுத்து எல்லாத்துக்கும் அவங்கதான் அலையணும், வழியில ஏதாச்சும் ஆனா அவங்க தலையிலதான் விழும். பஸ் வாடகை வேற. பெரிய பள்ளின்னா 40 பேரு பங்கு போட்டுக்கலாம், சின்ன தமிழ்ப்பள்ளியில அதே வாடகைய 15 குடும்பம் கட்டணும்னா எப்படி? 2021-ல ஆறாம் ஆண்டு பிள்ளைங்க எழுதற யூபிஎஸ்ஆர் அரசாங்கப் பரீட்சைய ரத்து பண்ணப்போ இனிமே பிள்ளைங்க கொஞ்சம் மூச்சு விடும்னு நெனச்சோம், பயிற்சித்தாள் கட்டு மட்டும் இளைக்கவே இல்ல.

தூரமா போகணும்னு யார் கேட்டா? இங்க பினாங்குலயே தண்ணீர்மலை தாவரவியல் பூங்கா 1884-லேர்ந்து இருக்கு, உள்ள போக காசும் இல்ல. அங்க நாகலிங்க மரத்த பாருங்க, பூ கிளை நுனியில இல்லாம அடிமரத்துலயே கொத்து கொத்தா பூக்கும், காய் பீரங்கிக் குண்டாட்டம் தொங்கும். கீழ விழுந்த பூவ கையில எடுத்து உள்ள பாம்பு படம் எடுத்த மாதிரி இருக்கறத பார்த்த பிள்ளைக்கு மகரந்தம்னா என்னன்னு ரெண்டாவது தடவ சொல்ல வேணாம். ஃபெரி ஏறி எதிர்க்கரையில இருக்கற பட்டர்வொர்த் போயிட்டு வந்தாலே எவ்வளவு கேள்வி கேப்பாங்க!

பெற்றோர் ஆசிரியர் சங்கத்துல இருக்கறவங்க இத படிச்சா, பக்கத்து தமிழ்ப்பள்ளியோட பேசி ரெண்டு பள்ளிக்கும் சேர்த்து ஒரே பஸ் எடுங்க, கூட போய் பிள்ளைங்கள பார்த்துக்க என்னை மாதிரி அம்மாமாருங்க தயாராத்தான் இருக்கோம்.