128-ஐ 320 ஆக்கினால் சிடி தரம் வராது
"இலவசமாக இறக்கிய 128 கேபிபிஎஸ் எம்பி3-ஐ 320-க்கு மாற்றி ஆடியோ சிடியில் எழுதினால் ஒரிஜினல் தரம்" என்று மதுரை, மேலூர் பக்க மைக்செட்காரர்களிடையே ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட். 128 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 128 கிலோபிட், அதில் பதினொன்றில் ஒரு பங்கு. சுருக்கும்போதே பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி வெட்டுப்படும். ஜால்ராவும் சலங்கையும் கரகரப்பதும் இந்தச் சுருக்கத்தால்தான். வெட்டியது திரும்பாது, மறுபடி சுருக்கினால் இழப்பு கூடும், ஃபைல் மட்டும் பெருக்கும். குழாய் ஸ்பீக்கரில் இதெல்லாம் தெரியாது, மண்டபத்து பாக்ஸில் தெரியும்.

ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் பாட்டைத் திறந்து, ஸ்பெக்ட்ரோகிராமின் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) மேல் எல்லையை 22,000 ஹெர்ட்ஸ் என வையுங்கள். 16,000-க்கு மேல் சீவிவிட்டதுபோல் வெறுமையாக இருந்தால் பெரும்பாலும் எம்பி3-இலிருந்து எழுதியதே. பழைய டேப் பதிவிலும் உச்ச ஒலி குறையும், ஆனால் படிப்படியாக. காசு கொடுத்து வாங்கிய சிடி கையில் இருந்தால் ஃப்ளாக்காக (FLAC, இழப்பில்லாமல் சுருக்கும் ஃபைல் வகை) எடுங்கள்: அளவு ஏறத்தாழ பாதியாகும், ஒரு பிட்டும் போகாது.