பராசக்தி தடை செய்யப்பட்ட படமா?

மேலே ஒரு அண்ணன், சிவாஜி நடித்த பழைய 'பராசக்தி' படத்தை அரசு தடை செய்ததால் அது தியேட்டருக்கே வரவில்லை என்று எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்கிறார்கள்.

அண்ணே, அப்படி நடக்கவில்லை. தடை செய்யச் சொல்லிக் கூச்சல் எழுந்தது உண்மைதான். கோயில் பூசாரி கதையின் தங்கை கல்யாணியிடம் தவறாக நடக்க முயலும் காட்சியைப் பார்த்தால் ஏன் என்று புரியும். ஆனால் படம் தணிக்கையில் தேறி, 1952 அக்டோபர் 17, தீபாவளியன்று வெளியாகி, நூறு நாளைத் தாண்டி ஓடியது.

அந்த வாரத்துச் சென்னை நாளிதழ்களின் பழைய பிரதி கிடைத்தால் சினிமா விளம்பரப் பக்கத்தைப் புரட்டுங்கள். தடை செய்த படத்துக்கு எந்தத் தியேட்டர்காரர் விளம்பரம் கொடுப்பார்?

கதையில் கல்யாணியின் அண்ணன்மார் மூவரும் இருப்பது நம்ம ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கூனில். ஊருக்குப் போகக் கப்பல் டிக்கெட் ஒன்றுதான் கிடைக்கும். யாங்கூனில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த இடம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.